ரோஸ்லினின் ஈரலில் தங்கிய இரும்பு

நடந்தது இது:

1. ரோஸ்லினுக்கு ஒரு வயது ஆவதற்குள் தலசீமியா என்று தெரிந்தது. அவளுடைய எலும்பு மஜ்ஜைக்கு உருப்படியான ரத்தம் செய்யத் தெரியவில்லை.
2. அதனால் மாதம் தவறாமல் அடுத்தவர் ரத்தத்தை ஏற்றி அவளை வளர்த்தார்கள்.
3. ஏழு வயதில், அண்ணன் டேனியலின் மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அவளுக்குச் செலுத்தினார்கள். மஜ்ஜை பிடித்துக்கொண்டது. ரத்தம் ஏற்றுவது நின்றது.
4. ஓராண்டு ஒழுங்காக வந்தாள். பிறகு வரவில்லை.
5. பதினான்கு வயதில் திரும்பி வந்தாள். ரத்தம் நன்றாக இருந்தது. ஈரல் நன்றாக இல்லை.
6. ரத்தம் ஏற்றி வளர்த்த பிள்ளையின் உடம்பிலிருந்து நான் ரத்தத்தை இறக்கத் தொடங்கினேன்.

வேலையை விட்டுச் சில மாதங்கள் ஆகின்றன. முதுகுத்தண்டில் டிஸ்க் விலகிவிட்டது. நின்றும் குனிந்தும் செய்கிற வேலை இனி கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போன வாரம் எங்கள் ரத்த மையத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவர் காலடிப்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, ஓய்வு பெற்றவளிடம் கேட்பதைப் போலவே கேட்டார்கள்.

"அக்கா, ரத்தம் இறக்குற ரூம்ல நோயாளி நாற்காலிக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் கிடக்கே. இடைஞ்சலா இருக்குன்னு நகர்த்தினா எல்லாரும் திட்றாங்க. அது எதுக்கு?"

அதற்குப் பதில்தான் இது.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தேன். மாதவரத்தில் ஒரு சின்ன ஆய்வகத்தில் ஊசி குத்தக் கை பழகினேன். பிறகு ராயபுரம் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் ரத்த மையத்தில் சேர்ந்தேன். ரோஸ்லினுக்கு அப்போது நான்கு வயது.

அவள் அப்பா சேவியர் மீன்பிடித் துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச் ஓட்டுபவர். அம்மா ஸ்டெல்லா இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்ப்பவர். ரத்த மையத்தில் ஒரு பை வாங்கினால் ஒருவர் வந்து ஒரு பை கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் அப்போது இருந்தது. சேவியருக்கு அதில் கஷ்டமே இருந்ததில்லை. போட் டிரைவர்கள், வலை இழுப்பவர்கள், தண்டையார்பேட்டை குடோன்களில் மூட்டை தூக்குபவர்கள் என்று யாராவது வந்து நிற்பார்கள். பிரிவு பொருந்தியவர்களின் பை பெரும்பாலும் ரோஸ்லினுக்கே போகும். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் தேசிங்கு. குடோனில் மூட்டை தூக்குபவர். பெரிய தோள், பெரிய குரல். நான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன் என்று எத்தனை முறை சொன்னாலும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"என்னுத எட்த்துக்கோ சிஸ்டர். ஆனா ஒண்ணு, என் ரத்தத்துல பாதி டீ தான் ஓடுது. பாப்பா ராத்திரியெல்லாம் தூங்காம ஆட்டம் போட்டுச்சின்னா என்னாண்ட வந்து கேக்கக் கூடாது."

இங்கே இரும்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரத்தத்தின் சிவப்பில் இரும்பு இருக்கிறது. ஏற்றிய ரத்தம் சில வாரம் வேலை செய்துவிட்டு அழிந்துவிடும். அதிலிருந்த இரும்பு அழிவதில்லை. மனித உடம்புக்கு இரும்பை உள்ளே வாங்கத் தெரியும்; மிஞ்சியதை வெளியே அனுப்பத் தெரியாது. அதற்கென்று ஒரு வாசலே இல்லை. மிஞ்சிய இரும்பு ஈரலில் சேரும், பிறகு சுரப்பிகளில், கடைசியில் இதயத்தில். படிக்கும்போது இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் தெரிந்துவைத்திருந்தேன். ஒரு பிள்ளைக்கு மாதா மாதம் நானே பையை மாட்டிவிடத் தொடங்கிய பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. ஒவ்வொரு பையும் காலியான பிறகு, அதில் வந்த இரும்பு மட்டும் அவளுக்குள் தங்கிவிடுகிறது. இரும்பை வெளியேற்றும் மாத்திரைகள் கொடுத்தார்கள். கொஞ்சம் கேட்டது, மீதி அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஸ்டெம் செல் மாற்றம் நடந்த பிறகு நான் பார்த்த ஒன்றை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ரோஸ்லின் பிறவியில் ஓ பாசிட்டிவ். டேனியல் பி பாசிட்டிவ். மாற்றம் முடிந்து மாதங்கள் கழித்து அவள் ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் ஓட்டில் வைத்து, பி பிரிவைக் கண்டுபிடிக்கும் சீரத்தை விட்டு, ஓட்டை மெல்ல ஆட்டினேன். வழவழவென்று ஓடிக்கொண்டிருந்த சிவப்பு, கண் முன்னால் மணல் மணலாகத் திரண்டது. பி. சந்தேகப்பட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் பி. ஒரு பிள்ளையின் ரத்தப் பிரிவே மாறிப்போயிருந்தது. ஓட்டைக் கழுவ மனம் வராமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் கேக் வெட்டினார்கள். குணமாகிவிட்டது என்று தெருவே சொன்னது. அந்தச் சொல்லைச் சொல்லாதவர் டாக்டர் எமல்டா மட்டும்தான்.

எமல்டா மேடம் எங்கள் பிரிவின் தலைவர். அவர் வயிற்றைப் பரிசோதிக்கும் முறையைச் சொன்னால் அவரையே சொன்ன மாதிரி. முதலில் டீ வரவழைப்பார். குடிக்க மாட்டார். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பிள்ளையிடம் பள்ளிக்கூடக் கதை கேட்பார். கை சூடேறிய பிறகுதான் வயிற்றில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அப்போது அறையில் யாரும் பேசக் கூடாது. விலா எலும்புக்குக் கீழே ஈரலின் ஓரம் எங்கே தட்டுப்படுகிறது என்று விரலால் தேடி, பேனாவால் தோல்மேல் ஒரு கோடு போடுவார். அதன் பிறகே கண் திறப்பார். அந்த டீயை யாரும் குடித்ததில்லை. ஸ்டெல்லா குணமாச்சா என்று கேட்டபோதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மஜ்ஜை பிடிச்சிருக்கும்மா. பழைய இரும்பு அப்படியே இருக்கு. வந்துக்கிட்டே இருக்கணும்."

ஓராண்டு வந்தார்கள். நோய் போன பிறகு ஆஸ்பத்திரி எதற்கு என்று யாருக்குத்தான் தோன்றாது?

பதினான்கு வயதில் ரோஸ்லின் வந்தபோது பத்து வயதுப் பிள்ளையின் உயரத்தில் இருந்தாள். முகத்தில் ஒரு சாம்பல் நிறம். வயசுக்கு வரவில்லை என்று ஸ்டெல்லா தாழ்ந்த குரலில் சொன்னார். ஹீமோகுளோபின் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு பல ஆயிரங்களில் நின்றது. மேடம் கையைச் சூடாக்கிக்கொண்டு, கண்ணை மூடி, கோடு போட்டார். கோடு தொப்புளுக்குப் பக்கத்தில் விழுந்தது.

எம்.ஆர்.ஐ. படம் வந்தது. இரும்பு சேர்ந்த இடம் அந்தப் படத்தில் கருப்பாகத் தெரியும். ரோஸ்லினின் ஈரல் இருக்க வேண்டிய இடத்தில் தார் ஊற்றிய மாதிரி ஒரு கருப்பு. அதற்கு மேலே இதயம் மட்டும் இன்னும் வெளுப்பாக இருந்தது. மேடம் படத்தை ஸ்டெல்லாவின் பக்கம் திருப்பினார்.

"ரத்தம் இப்ப அண்ணனோடது. ஈரலும் இதயமும் இவளோடதேதான். ஈரல் தாங்குற வரைக்கும் தாங்கும், அப்புறம் தழும்பாகிடும். இரும்பு இதயத்துக்குப் போயிடுச்சுன்னா மீட்கிறது ரொம்பக் கஷ்டம். இன்னும் போகலை. அதுக்குள்ள இறக்கணும்."

"எப்டி மேடம் எறக்குறது?"

"இப்ப இவ மஜ்ஜைக்கே ரத்தம் செய்யத் தெரியும். நாம கொஞ்சம் ரத்தத்தை வெளியே எடுத்தா, அதை ஈடுகட்ட மஜ்ஜை புதுசா ரத்தம் செய்யும். அதுக்கு வேண்டிய இரும்பை ஈரல்ல இருந்துதான் எடுத்துக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா ஈரல் காலியாகும்."

எவ்வளவு எளிமையான வழி! மாத்திரை கூட இல்லை. ஆனால் ஸ்டெல்லாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

முதல் தடவை எடுத்தது நான்தான். முதலில் எடை, ரத்த அழுத்தம், விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஹீமோகுளோபின். ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கச் சொன்னேன். சாய்வு நாற்காலியில் கால்களை உயர்த்திப் படுக்கவைத்து, ஒரு கையில் உப்புநீர் ஏறும் குழாய், இன்னொரு கையில் ரத்தம் இறங்கும் ஊசி. கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கி அமுக்கி விடச் சொன்னேன். அவள் எடைக்குத் தகுந்தபடி மேடம் குறித்துத் தந்த அளவு கொஞ்சம்தான். பையைத் தராசில் வைக்கக் குனிந்தபோதுதான் எனக்குச் சுரீரென்றது. இதே பிள்ளைக்கு எத்தனை வருஷம் எட்டிக் கை தூக்கிப் பையை மாட்டியிருக்கிறேன்! அப்போது பை அவளுக்கு மேலே தொங்கியது. இப்போது கீழே கிடக்கிறது. நடுவில் அதே கை, அதே நரம்பு.

எடுத்து முடித்து, குழாயை மூடி, பையை மஞ்சள் உறையில் போட்டேன். எரிக்க அனுப்பும் உறை அது. ஸ்டெல்லா எழுந்து நின்றார்.

"இத்த இன்னா பண்ணுவீங்க?"

"எரிச்சிடுவாங்கம்மா. வேற யாருக்கும் ஏத்த முடியாது."

"எரிச்சிடுவியா? கூலிக்குப் போறவன்லாம் வேலயை வுட்டுட்டு வந்து குட்த்தது சிஸ்டர் அது. ஒத்தொருத்தன் கையையும் புடிச்சி கெஞ்சி வாங்கினேன். அத்த எட்த்து குப்பைல போட்டுட்டு, நாளிக்கி அவங்க மூஞ்சில நா எப்டி முயிப்பேன்?"

அடுத்த தடவைக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த தடவைக்கும் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. ஈரலின் அந்தக் கருப்பு எப்போது மேலே ஏறும் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. மேடம் தினமும் காலையில் வந்ததும் என்னைப் பார்த்து, "ரோஸ்லின்?" என்று மட்டும் கேட்பார். வரவில்லை என்று நான் தலையாட்டுவேன்.

ஒருநாள் புறநோயாளிகள் பகுதியே அதிர ஒரு குரல் கேட்டது.

"எங்க அந்த சிஸ்டரு? நா குட்த்தத தூக்கிக் கடாசறாங்களாமே! கூப்புடு!"

தேசிங்கு. அவருக்குப் பின்னால் ஸ்டெல்லா. ஸ்டெல்லாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரோஸ்லின். மேடம் கோபப்படவில்லை. தேசிங்குவை உட்காரவைத்து எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் கொடுத்தார்.

"இன்னாது இது? கருப்பா கீதே?"

"ரோஸ்லினோட ஈரல். நீங்க குடுத்த ரத்தம்தான் இந்தப் பிள்ளையை ஏழு வயசு வரைக்கும் நடக்க வச்சுது. அது வேலையை முடிச்சிட்டுப் போயிடுச்சு. அதுல இருந்த இரும்பு மட்டும் வெளியே போக வழி தெரியாம உள்ளேயே உட்கார்ந்திருக்கு. இனி இருந்தா பிள்ளையைக் கொன்னுடும்."

தேசிங்கு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராகத் திருப்பினார்.

"வேல முட்ஞ்சா வூட்டுக்குப் போவாம குந்திகினு கீதா? மெய்யாலுமே நம்ம பசங்க ரத்தந்தான் மேடம். சந்தேகமே இல்ல."

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்டெல்லா அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். பிறகு ஸ்டெல்லாவுக்கே சிரிப்பு வந்து, அது அழுகையாகிவிட்டது.

"இன்னா தங்கச்சி இது? நா குட்த்தது அந்த நோவுக்கு. நோவு பூட்ச்சி. இனுமே அது எதுக்கு உள்ள? நானே சொல்றேன், எடுக்கட்டும்."

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஒண்ணுண்ணே. குட்த்தவங்க யாராச்சும் ஒர்த்தரு பக்கத்துல குந்திகினு இருக்கணும். அவங்க கண்ணு முன்னால எறங்கட்டும். யாருக்கும் தெரியாம போவக் கூடாது."

ரத்தம் இறக்கும் அறைக்குள் வெளியாட்களை விடுவதில்லை. நான் மேடத்தைப் பார்த்தேன். "ஒரு ஸ்டூல் போடு" என்றார்.

அப்படித்தான் அந்த ஸ்டூல் வந்தது. ஒவ்வொரு தடவையும் ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர் வந்து உட்காருவார். சட்டையெல்லாம் மீன் வாசனையோடு, மாவு மூட்டைத் தூசியோடு வருவார்கள். கையைக் காலைக் கழுவிவிட்டு உட்காரச் சொல்வேன். குழாயில் இறங்கும் சிவப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரோஸ்லின்தான் வம்புக்கு இழுப்பாள்.

"இன்னிக்கி எறங்கறது யாரோட இரும்புண்ணே? உன்னுதா? ரொம்ப மெதுவா வருதே. வேலைக்கிப் போறப்பவும் இப்டித்தானா?"

இப்படிப் பல மாதங்கள் போயின. வைத்தியம் ஒழுங்காக நடந்தது. ஆனால் இரும்பு அசையவில்லை. முதலில் கொஞ்சம் இறங்கிய ஃபெரிட்டின் அங்கேயே நின்றுவிட்டது. கருவியைச் சரிபார்த்தோம். வேறு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தோம். அதே அளவு. வேறு ஏதாவது நோயா, மஜ்ஜையில் கோளாறா என்று மேடம் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் வழக்கம்போல டீ டம்ளரில் கையைச் சூடாக்கிக்கொண்டு, பள்ளிக்கூடக் கதை கேட்டுக்கொண்டே ரோஸ்லினின் கையைப் பிடித்தார். பிடித்த கையை முகத்தருகே கொண்டுபோனார்.

"என்ன இது, மிளகு வாசனை?"

"ஒண்ணுமில்ல மேடம்."

ஸ்டூலில் இருந்த தேசிங்கு காலால் எதையோ உள்ளே தள்ளினார். எவர்சில்வர் டப்பா ஒன்று தரையில் கிறீச்சிட்டது. நான் குனிந்து எடுத்துத் திறந்தேன். மிளகு போட்டு வறுத்த சுவரொட்டி. ஆட்டு மண்ணீரலை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ரத்தம் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்கும் அடிபட்டவனுக்கும் வாங்கிக் கொடுப்பது. அதில் இரும்பைத் தவிர வேறென்ன இருக்கிறது? தலசீமியாப் பிள்ளைகள் தொடவே கூடாது என்று அந்தக் காலத்தில் ஸ்டெல்லாவிடம் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நோய்தான் போய்விட்டதே, பத்தியமும் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

"எத்தனை நாளா?" என்றார் மேடம்.

தேசிங்கு தலையைச் சொறிந்தார். "இங்க மட்டும் இல்ல மேடம். தெனம் ஒர்த்தன் வூட்லேந்து போவுது. புள்ள கைலேந்து எட்த்துகினே இருந்தா எப்டி? குந்திகினு சும்மா பாக்க மனசு கேக்கல. நீங்க ஒரு பக்கம் எடுக்கறீங்கோ, நாங்க ஒரு பக்கம் போடறோம்."

நான் வேலை பார்த்த காலத்தில் எமல்டா மேடம் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்று ஒருநாள்தான் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். தேசிங்குவின் பெரிய தோள்கள் சரிந்தன.

"அப்ப இத்தினி நாளும் நாங்கதான் பேஜாரு பண்ணிகினு இருந்தமா?"

"ஏதாவது கொடுத்தே ஆகணும்னா, சாப்பாட்டோட டீ கொடுங்க. டீ சாப்பாட்டுல இருக்கிற இரும்பை உடம்புல சேர விடாது."

தேசிங்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். "டீயா? அத்த மொதல்லியே சொல்லக் கூடாதா மேடம்? அது நம்ம டிப்பார்ட்மெண்டு."

அதன் பிறகு டப்பா வருவது நின்றது, ஃப்ளாஸ்க் வரத் தொடங்கியது. இரும்பு இறங்கத் தொடங்கியது.

அந்த மாதங்களில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு தடவை ஸ்டூலில் உட்கார நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். போட் டிரைவர் ஒருவரின் மனைவி. அவர் கணவர் ரோஸ்லினுக்குப் பலமுறை ரத்தம் கொடுத்தவர். இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கணவரின் முறைக்குத் தான் வந்ததாக அந்தப் பெண் சொன்னார். ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டார்.

"சிஸ்டர், அவுரு பூட்டாரு. அவுரு குட்த்ததுல இருந்த இரும்பு இன்னும் இந்தப் பாப்பாகிட்ட கீதா?"

யாருடைய இரும்பு என்று பிரித்துச் சொல்லும் கருவி உலகத்தில் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் எந்தக் காரணமும் இல்லை. "இருக்கும்மா" என்றேன்.

"தொட்லாமா?"

குழாயை மூடிய பிறகு பையை அவர் கையில் வைத்தேன். உடம்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய ரத்தம் வெதுவெதுப்பாக இருக்கும். அவர் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவரே பையை என்னிடம் நீட்டினார். "எட்த்துனு போங்க சிஸ்டர்" என்றார்.

எத்தனையோ கருவிகளைக் கையாண்டிருக்கிறேன். அந்த அறையில் அந்த நிமிஷம் என்ன நடந்தது என்று அளக்க எதுவும் இல்லை.

இப்போதைய நிலவரம் இது. ரோஸ்லினுக்குப் பதினெட்டு வயது. ரத்தம் இறக்குவது நின்றுவிட்டது. கடைசி எம்.ஆர்.ஐ. படத்தில் ஈரல் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. தழும்பு கொஞ்சம் இருக்கிறது, கூடவில்லை. இதயம் வெளுப்பாகவே இருக்கிறது. இழந்த உயரம் திரும்பவில்லை. சுரப்பிகளுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். எத்தனை வருஷத்துக்கு என்று தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை வருகிறாள். மேடம் இன்னும் குணமாகிவிட்டது என்று சொல்லவில்லை. பி.காம். முதலாண்டு படிக்கிறாள்.

ஸ்டெம் செல் மாற்றம் செய்துகொண்டவர்களிடம் ரத்த தானம் வாங்கக் கூடாது என்பது விதி. பதினெட்டு முடிந்த அன்றே வந்து, நானும் ரத்தம் கொடுக்கலாமா என்று கேட்டாளாம். முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். மறுவாரம் டேனியலை அழைத்து வந்திருக்கிறாள். அவன் எண்ணூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். அவன் ரத்தம் கொடுத்து முடிக்கும்வரை, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் புதிதாகச் சேர்ந்த அந்த இரண்டு பெண்களும் என்னிடம் கேட்க வந்தார்கள்.

பையில் கொடுத்தவர் பெயர் எழுதுவதில்லை. ஓர் எண்ணும் ரத்தப் பிரிவும் மட்டும்தான். டேனியல் கொடுத்த பையில் பி பாசிட்டிவ் என்று இருந்தது. ரோஸ்லினுக்கும் அதுதான்.